யுத்தம் என்று சொல்லப்படாத யுத்தம்

ஆளுவோர் கையிலுள்ள ஆயுதங்களுள் பெயரும் ஒன்று. ஒரு கிளர்ச்சிக்கு எப்பெயர் இடப்படுகிறதோ அப்பெயருக்கு ஏற்பவே சட்டம் நடக்கும், பணம் செலவாகும், பிணங்களும் எண்ணப்படும். 1857-இல் இந்தியச் சிப்பாய்கள் எழுந்தபோது ஆங்கிலேயர் அதனைக் கலகம் என்றனர். இந்திய மக்களோ பின்னாளில் அதனைச் சுதந்திரப் போர் என்றனர். அவ்வாறே 1948 ஜூனில் மலாயாவில் தொடங்கி 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டுக்காலம் நடந்த ஒரு பெரும் போருக்கு, அதனை நடத்திய பிரிட்டிஷ் சர்க்கார் கடைசி நாள் வரை போர் என்ற பெயரைக் கொடுக்கவேயில்லை. ‘அவசர காலம்’ என்றே சொல்லி வந்தது. நான்கு கண்டங்களிலிருந்து பட்டாளங்கள் வந்திறங்கின. ஆகாய விமானங்கள் காட்டின்மீது குண்டு பொழிந்தன. லட்சக்கணக்கான மக்கள் குடிபெயர்க்கப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். ஆயினும் அது யுத்தமன்று என்றனர்!

இதற்குக் காரணம் என்ன? லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கலவரத்தால் நேரும் நஷ்டத்துக்கு ஈடு கொடுக்கும். யுத்தத்தால் நேரும் நஷ்டத்துக்குக் கொடுக்கமாட்டா. ஆகவே ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் உடையவர்களின் நலன் கருதியே இப்பெயர் நிலைத்தது என்று சரித்திர ஆசிரியர் பலர் எழுதியிருக்கின்றனர். வேறொரு காரணமும் உண்டு. யுத்தம் என்று ஒப்புக்கொண்டால் எதிரிக்கு ஒரு கொள்கை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகும். அவசர காலம் என்றால் எதிரி கொள்ளைக்காரன். அவனுக்குக் கொள்கை ஏது?

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது இதுவே: சில மாதங்களில் அடக்கிவிடலாம் என்று தொடங்கப்பட்ட ஒரு போலீஸ் நடவடிக்கை, எவ்வாறு படிப்படியாக ஏறி ஒரு சாம்ராஜ்யத்தின் முழுப் பலத்தையும் விழுங்கும் யுத்தமாயிற்று? அதில் தோட்டப்புறத் தமிழர் இழந்தது யாது?

சிங்கப்பூரின் வடகோடியில் உள்ள மார்சிலிங் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த குடியிருப்பு. விடியுமுன்னே ஜோகூர்க் கடற்பாலத்தை நோக்கியும், பாலத்திலிருந்து நகரை நோக்கியும் செல்லும் தொழிலாளரின் ஓட்டம் அங்கே தொடங்கிவிடும். அவ்வூர்ப் பெயரே ஒரு ரப்பர்த் தோட்டத்தால் வந்தது. ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூன் என்னும் சீன வணிகர், சீனத்திலிருந்த தம் பூர்வீகக் கிராமத்தின் பெயரை ஒட்டி அங்கிருந்த தம் தோட்டத்துக்கு இட்ட பெயர் அது. கடற்பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. கிழக்கே செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் எழுந்தது. அதன் பெரிய கப்பல் துறை 1938-இல் திறக்கப்பட்டது. மலையாளிகளும் தமிழர்களும் பலர் அங்கே ஊழியம் செய்து பிழைத்தனர். இவ்வாறு ரப்பர்த் தோட்டம், படைத்தளம், கடற்பாலம் ஆகிய மூன்றும் கூடும் ஊர் மார்சிலிங். நாம் சொல்லப்போகும் கதையின் உறுப்புகளும் அம்மூன்றே. இக்கரையில் குடியிருந்து அக்கரைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு இரு கரையும் நாடோறும் கண்ணில் படுகின்றன. ஆயினும் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நம்மனோர்க்கு ஜெனரல் டெம்ப்ளரின் பெயர் தெரிந்த அளவுக்கு எஸ். ஏ. கணபதியின் பெயர் தெரியாது. இக்குறையே இதனை எழுதத் தூண்டிற்று.

விதை விழுந்த இடம்

மலாயா யுத்தத்தைக் கம்யூனிஸ்டுகளின் சதி என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உளர். கட்சி ஆயுதம் எடுத்தது உண்மை. ஆயினும் காய்ந்த சருகு இல்லாத இடத்தில் நெருப்புப் பற்றுமோ? சருகு எங்கிருந்து வந்தது என்பதை அறிய 1941-ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டில் சிலாங்கூரின் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முன்னின்று வழிகாட்டினார். அவர்கள் கேட்டவற்றுள் கூலி உயர்வு மட்டுமன்றி, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும், தொழிலாளியின் லயத்துக்கு உற்றார் உறவினர் வந்துபோகத் தடை கூடாது என்பதும், வெள்ளைக்காரத் துரையையும் ஆசிய உத்தியோகஸ்தரையும் கண்டவுடன் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் இருந்தன. ஆசிய உத்தியோகஸ்தர் என்றால் யார்? கிராணிமாரும் அவர்களைப் போன்றோருமே. நம் தொழிலைச் செய்த முன்னோர் அன்று எப்பக்கத்தில் நின்றனர் என்பதற்கு இக்கோரிக்கை ஒன்றே சான்று. அக்கோரிக்கைகளுக்குக் கிடைத்த பதில் யாது? நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் குண்டுக்கு இரையாயினர். சிலாங்கூரில் அப்போதே ஓர் அவசர காலம் பிரகடனம் செய்யப்பட்டது! ஆகவே 1948-இல் வந்தது தோட்டத் தமிழருக்கு முதல் அவசர காலமன்று.

அடுத்து ஜப்பானியர் வந்தனர். தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு அங்கேயே மாண்டனர். இளைஞர் பலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடிக்கவும் நிமிர்ந்து நடக்கவும் கற்றனர். காட்டுக்குள்ளோ, ஜப்பானியரை எதிர்த்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குப் பிரிட்டிஷாரே ஆயுதமும் அதிகாரிகளும் அனுப்பினர். பின்னாளில் கட்சியின் தலைவரான சின் பெங்குக்குப் பிரிட்டிஷ் அரசர் பெயரால் விருதும் கிடைத்தது. அன்று நண்பன், நாளை கொள்ளைக்காரன்!

1945-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது தோட்டத்துத் தமிழன் பழைய தமிழனாக இல்லை. கெடாவில் தொண்டர் படை எழுந்தது. அது கள்ளுக்கடைகளை மறித்தது. லயங்களில் ஒழுங்கையும் கல்வியையும் பரப்பிற்று. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் போலீஸ் அப்படையினரை அடித்து நொறுக்கிச் சிறையில் தள்ளிற்று. கள்ளுக் குடிக்காதே என்று சொன்னவன் ராஜத்துரோகியானான்! மறுபுறம் தொழிற்சங்கங்கள் ஒன்றுசேர்ந்து அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் ஆயின. கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு அதில் மிக்கிருந்தது. ஆயினும் தமிழனும் சீனனும் ஒரே கூலிக்காக ஒரே மேடையில் நின்ற இடமும் அதுவே. அதன் தலைவரே தஞ்சை மாவட்டத்தில் பிறந்து இளமையில் சிங்கப்பூர் வந்து, தேசிய ராணுவத்தில் பணியாற்றிய கணபதி.

ரப்பர் மலாயாவின் பயிர் மட்டுமன்று. போரால் கடனாளியான பிரிட்டனுக்கு அமெரிக்க டாலர் ஈட்டித் தந்த பொருள்களில் தலையாயது. அந்த டாலரின் ஓட்டத்தை வேலைநிறுத்தம் தடுத்தது. 1948 ஜூனில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டுச் சம்மேளனம் செல்லாததாக்கப்பட்டது. நேயர்கள் இதனைக் கவனித்தல் வேண்டும். சம்மேளனம் மூடப்பட்டது முதல்; அவசர காலம் வந்தது பின். இடைவெளி சில நாள்களே. அப்போது லண்டனில் ஆட்சி செய்ததோ தொழிலாளர் பெயரைச் சூடிய கட்சி!

படிக்கட்டு

1948 ஜூன் 16 அன்று பேராக்கில் சுங்கை சிப்புட் அருகே எல்பில், பின் சூன் ஆகிய இரு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். உடனே பேராக்கின் சில பகுதிகளிலும், 18-ஆம் தேதி மலாயாக் கூட்டரசு முழுவதிலும், 24-ஆம் தேதி சிங்கப்பூரிலும் அவசர காலச் சட்டம் வந்தது. ஜூலை 23 அன்று கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. விசாரணையின்றி அடைத்துவைக்கலாம், நாடு கடத்தலாம், அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பவனைத் தூக்கிலிடலாம். அப்போது நாட்டில் இருந்தவை பத்துப் பதினொரு பட்டாளங்களே. அவையும் போலீசும் சேர்ந்தால் போதும் என்று எண்ணினர். இது முதற்படி.

போதவில்லை. ஆகவே பிரிட்டனிலிருந்து காவற் படைப்பிரிவு வந்தது. பல்லாயிரம் விசேஷக் கான்ஸ்டபிள்கள் சேர்க்கப்பட்டுத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் காவல் வைக்கப்பட்டனர். பன்னிரண்டு வயது நிரம்பியோர் அனைவருக்கும் படத்துடனும் விரல் ரேகையுடனும் அடையாளக் கார்டு கொடுக்கப்பட்டது. இன்று கடற்பாலத்தின் இருபுறமும் நாம் சட்டைப் பையில் சுமக்கும் அடையாளக் கார்டு அக்காலத்தில் பிறந்ததே. 1948 டிசம்பர் 12 அன்று சிலாங்கூரின் பத்தாங் காலியில் ரப்பர்த் தோட்டத்துச் சீனத் தொழிலாளர் 24 பேர், ஆயுதம் ஏதுமற்றவர்கள், ஸ்காட்ஸ் காவற் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய குடும்பத்தார் நியாயம் கேட்டு லண்டன் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 2015-இல் வந்த தீர்ப்போ, விசாரணை நடத்தச் சர்க்கார் கடமைப்பட்டதன்று என்பதாயிற்று. இது இரண்டாம் படி.

அதுவும் போதவில்லை. 1950 ஏப்ரலில் ஜெனரல் பிரிக்ஸ் வந்தார். காட்டில் இருப்பவனைத் தேடுவதைவிட அவனுக்குச் சோறு கொடுப்பவனைப் பிரித்தெடுப்பதே வழி என்றார். காட்டோரத்தில் குடியிருந்த சீனக் குடியானவர் லாரிகளில் ஏற்றப்பட்டு, முள்வேலியும் காவற் கோபுரமும் சூழ்ந்த ‘புதுக் கிராமங்களில்’ குடியேற்றப்பட்டனர். இத்திட்டம் முதன்முதல் தொடங்கப்பட்டது 1950 ஜூனில், மார்சிலிங்கிற்கு எதிர்க்கரையிலுள்ள ஜோகூரிலேதான். சில ஆண்டுகளுக்குள் 400,000-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு பெயர்க்கப்பட்டனர். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலியிடப்பட்டன. காட்டையே வீடாகக் கொண்ட ஆதிக்குடிகளும் முகாம்களில் அடைக்கப்பட்டு, நோயாலும் ஏக்கத்தாலும் பலர் மாண்டனர். இது மூன்றாம் படி.

நான்காம் படியில் ஆகாயமும் சேர்ந்தது. சிங்கப்பூரின் தெங்கா விமான நிலையத்திலிருந்து ஆஸ்திரேலிய லிங்கன் குண்டு விமானங்கள் 1950 முதல் எட்டு ஆண்டுகள் மலாயாக் காட்டின்மீது பறந்தன. கூர்க்காக்கள் முன்னரே இருந்தனர். கிழக்கு ஆப்பிரிக்கரும் பிஜியரும் பின்னர் நியூசிலாந்தினரும் வந்தனர். இங்கிலாந்தில் கட்டாய ராணுவ சேவைக்கு இழுக்கப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் கப்பலேறி வந்து அட்டைக்கடியில் நடந்தனர். கொரில்லாக்களின் பயிரை அழிக்கவும் சாலையோரப் புதரைக் கருக்கவும் இரசாயன மருந்து தெளிக்கப்பட்டது. கொரிய யுத்தத்தால் ரப்பர் விலை ஏறியது. அப்பணமே இச்செலவுக்கும் உதவிற்று. பால்மரம் சீவியவனின் உழைப்பே அவனைச் சூழ்ந்த வேலிக்கும் விலை கொடுத்தது.

1951 அக்டோபர் 6 அன்று ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியே பிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாம்ராஜ்யத்தின் பிரதிநிதியே வீழ்ந்தபின் பின்வாங்குவது எங்ஙனம்? 1952 பிப்ரவரியில் சிவில் அதிகாரமும் ராணுவ அதிகாரமும் ஒருங்கே பெற்ற ஜெனரல் டெம்ப்ளர் வந்தார். மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே பன்னிருவர் கொல்லப்பட்டதும், அவ்வூர் மக்கள் நாளொன்றுக்கு இருபத்திரண்டு மணி நேரம் வீட்டைவிட்டு வெளிவரக் கூடாதென்று உத்தரவிட்டு, அரிசி அளவையும் குறைத்தார். மக்களின் உள்ளத்தைக் கவர்வதே போரின் வழி என்று உலகுக்கு உபதேசித்த அதே ஜெனரல் செய்த செயல் இது.

உச்சக் கட்டத்தில் ஏறத்தாழ 40,000 துருப்புகளும், விசேஷக் கான்ஸ்டபிள்கள் உட்பட 60,000-க்கும் மேற்பட்ட போலீசாரும், 250,000 ஊர்க்காவலரும் ஒருபுறம்; காட்டில் இருந்தவரோ மிகுந்த காலத்தில் சுமார் 8,000 பேர். படிக்கட்டில் ஏறியவன் ஒவ்வொரு படியிலும் ‘இன்னும் ஒன்று ஏறினால் முடிந்துவிடும்’ என்றே சொன்னான். முன்வைத்த அடி வீணாகக் கூடாது என்பதே அடுத்த அடிக்குக் காரணமாயிற்று. பெரிய வல்லரசுகள் சிறிய நாடுகளில் நடத்தும் கொரில்லா யுத்தங்களின் இலக்கணமே இதுதான்.

இரு கத்திகளுக்கு நடுவே

நிற்க. இப்போரில் தோட்டத் தமிழரின் நிலை யாது? காட்டிலிருந்தோருள் மிகப் பெரும்பாலோர் சீனர். மலாய்க்காரரும் இந்தியரும் சிறுபான்மையே. தமிழர் பெரும்பாலோர் எப்பக்கத்திலும் சேராது வேலை செய்து பிழைக்கவே விரும்பினர். ஆயினும் யுத்தம் அவர்களை விடவில்லை. கொரில்லாக்கள் தோட்டத்துக்குள் வந்து பால்மரங்களை வெட்டிச் சிதைத்தனர், புகைக்கூடங்களுக்கு நெருப்பிட்டனர், அடையாளக் கார்டுகளைப் பிடுங்கிக் கொளுத்தினர், காட்டிக் கொடுத்தான் என்று சந்தேகித்தவனைக் கொன்றனர். பொதுமக்களை இவ்வாறு துன்புறுத்தியது தவறென்று 1951 அக்டோபரில் அவர்களுடைய கட்சியே தீர்மானம் செய்யவேண்டியதாயிற்று. மறுபுறம் பட்டாளம் வந்து, இரவில் வந்தவன் எவன், அரிசி கொடுத்தவன் எவன் என்று அதே தொழிலாளியை நிறுத்திக் கேட்டது. மரம் வெட்டுண்டால் கூலியும் போயிற்று, வாய் திறந்தால் உயிர் போகும், திறவாவிட்டால் சிறை.

உணவுக் கட்டுப்பாடு வந்தபின் அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கடையில் விற்கும் டின் உணவு அவ்விடத்திலேயே துளையிட்டுக் கொடுக்கப்பட்டது. காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேமிக்கக் கூடாதென்பது கருத்து. சில பகுதிகளில் அரிசியைப் பொதுச் சமையற்கூடத்தில் சமைத்துச் சோறாகவே கொடுத்தனர். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் புறப்படும் தொழிலாளி வேலி வாயிலில் சோதனைக்கு நின்றான். பெண்களும் நின்றனர். பெரட்டுக் களத்தில் பெயர் அழைத்த காலம் போய், வாயிலில் உடம்பைத் தடவிப் பார்க்கும் காலம் வந்தது. இதற்கெல்லாம் கணக்கு வேண்டுமன்றோ? செக்ரோல் எழுதிய கிராணியின் பேனா யுத்தத்தின் கருவிகளுள் ஒன்றாயிற்று. தோட்டத் தொழிலாளியின் பெயரும் குடும்பமும் முன்னரே ஏட்டில் இருந்தமையால், தமிழரைத் திரட்டி வேலியிடுவது சர்க்காருக்கு எளிதாயிற்று.

ஆனால் நம்மவர் இழந்தவற்றுள் பெரியது தலைமையே. பேராக்கில் தொழிலாளரிடையே பணியாற்றிய ஆர். ஜி. பாலன், அவசர காலம் பிறக்குமுன்னரே 1948 மே மாதத்தில் கைதாகிப் பல ஆண்டுகள் சிறையிலிருந்தார். தலைமறைவாயிருந்த கணபதி 1949 மார்ச்சில் ரவாங் அருகே கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அதே மாதத்தில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையைக் குறைக்குமாறு இந்திய சர்க்கார் கேட்டுக்கொண்டது. கேளாது 1949 மே 4 அன்று கோலாலம்பூர்ப் புடுச் சிறையில் அவரைத் தூக்கிலிட்டனர். அதே நாள்களில் மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான பி. வீரசேனன் பட்டாளத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதற்கு அருகே வேறொரு வழக்கையும் வைத்துப் பார்த்தல் தகும். ஜோகூர்ப் பகுதியில் 1948-இல் பிடிபட்ட சாம்பசிவம் என்பவர்மீது துப்பாக்கி வைத்திருந்ததாகவும் தோட்டா வைத்திருந்ததாகவும் இரு குற்றங்கள் சாட்டப்பட்டன. தோட்டாக் குற்றத்தில் விடுதலையும், துப்பாக்கிக் குற்றத்தில் மறு விசாரணையில் மரண தண்டனையும் கிடைத்தன. வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்றது. ஒருமுறை கொடுத்த விடுதலையைப் பின்வரும் விசாரணை மதித்தே ஆகவேண்டும் என்று கூறி, அந்நீதிமன்றம் 1950-இல் அவரை விடுவித்தது. இன்றும் சட்ட மாணாக்கர் பல நாடுகளில் இத்தீர்ப்பைப் படிக்கின்றனர். ஒரே சட்டம், ஒரே வகைக் குற்றச்சாட்டு, ஒரே இனத்தவர் இருவர். ஒருவர் பிழைத்தார், ஒருவர் மாண்டார். சாம்பசிவத்தின் வழக்கு பன்னூறு நாள்கள் ஆராயப்பட்டது. கணபதி பிடிபட்ட நாளுக்கும் தூக்கு மேடைக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ இரண்டே மாதம். யுத்தமன்று என்று சொல்லிக்கொண்டே யுத்த வேகத்தில் நடந்த நீதி இது.

கணபதி செய்தவையெல்லாம் சரி என்று நாம் வாதிக்கவில்லை. அவருடைய கட்சி ஏந்திய ஆயுதம் ஏழைத் தொழிலாளியையும் கொன்றது என்பதை மறைக்கவுமில்லை. ஆனால் கேள்வி ஒன்று உண்டு. வெளிப்படையாகச் சங்கம் வைத்துக் கூலி கேட்கும் வழியைச் சட்டம் அடைத்தபின், அவ்வழியில் நடந்தவன் எங்கே செல்வான்? சிலர் காட்டுக்குச் சென்றனர். சிலர் சிறைக்குச் சென்றனர். பலர் கப்பலில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் வாய்மூடி மரம் சீவச் சென்றனர். பின்னர் சர்க்காரின் ஆதரவோடு மிதவாதத் தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் அமைந்தது. அது செய்த நன்மைகள் பல. ஆயினும் முன்பு தமிழனும் சீனனும் கூடி நின்ற மேடை மீண்டும் அமையவில்லை.

எதனால் முடிந்தது?

இப்போரைப் பிரிட்டன் வென்றது என்று உலகம் சொல்லும். சர்க்காரின் கணக்குப்படி கொல்லப்பட்ட கொரில்லாக்கள் 6,710 பேர். பட்டாளத்திலும் போலீசிலும் மாண்டோர் 1,865 பேர். பொதுமக்கள் 2,478 பேர். காணாமற்போனோர் 810 பேர். 200-க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். ஆனால் முடிவைத் தந்தது குண்டு மட்டும்தானா?

1948-இல் வந்த கூட்டரசு ஒப்பந்தம் தமிழருக்கும் சீனருக்கும் பிரஜா உரிமையை அரிதாக்கிற்று. 1952-இல் அது சிறிது தளர்த்தப்பட்டது. 1955 ஜூலையில் பொதுத் தேர்தல் நடந்து, மலாய், சீன, இந்தியக் கட்சிகளின் கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் பாலிங்கில் துங்கு அப்துல் ரஹ்மானும், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலும், டான் செங் லாக்கும் சின் பெங்கைச் சந்தித்துப் பேசினர். உடன்பாடு ஏற்படவில்லை. ஆயினும் அதன் பயன் வேறு வழியில் விளைந்தது. 1957 ஆகஸ்ட் 31 அன்று மலாயா சுதந்திரம் பெற்றது. அந்நியனை வெளியேற்றவே போராடுகிறோம் என்று சொன்னவர்களின் கையிலிருந்து அக்காரணம் நழுவிற்று. 1958-இல் ஜோகூர் உள்ளிட்ட தென்பகுதியின் தலைவர் ஹோர் லுங் சரணடைந்தார். அவரைத் தொடர்ந்து பலர் காட்டைவிட்டு வெளிவந்தனர். எஞ்சியோர் சயாம் எல்லைக்குச் சென்று, 1989-இல் ஹட்யாயில் சமாதான ஒப்பந்தம் ஆகும்வரை அங்கிருந்தனர்.

ஆகவே உண்மை இது. முதலில் மறுக்கப்பட்ட ஓட்டும், பிரஜா உரிமையும், சுதந்திரமும் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்கப்பட்டபோதுதான் போர் முடிந்தது. அவற்றை 1948-இலேயே கொடுத்திருந்தால் எத்தனை பிணங்கள் விழாதிருந்திருக்கும்! பட்டாளம் காலத்தை வாங்கிக் கொடுத்தது. அக்காலத்தில் அரசியல் செய்த வேலையே பலன் தந்தது.

இதனை மறந்தவர் அமெரிக்கர். மலாயாவில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த ராபர்ட் தாம்ப்சன் 1961-இல் பிரிட்டிஷ் ஆலோசனைக் குழுவின் தலைவராகச் சைகோன் சென்றார். அடுத்த ஆண்டு அங்கும் முள்வேலிக் கிராமங்கள் எழுந்தன. ஆனால் வேலியைக் கொண்டுசென்றவர் சுதந்திரத்தைக் கொண்டுசெல்லவில்லை. மலாயாவில் வேலிக்குள் இருந்தவனுக்கு, வெள்ளையன் போகும் நாள் குறிக்கப்பட்டிருந்தது. வியட்நாமியனுக்கோ, பிரெஞ்சுக்காரன் போன இடத்தில் அமெரிக்கன் வந்து நின்றான். மேலும் மலாயாக் கொரில்லாக்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஆயுதம் வரும் வழியில்லை. வியட்நாமில் வடக்கே ஓர் அரசே துணை நின்றது. படிக்கட்டு மட்டும் ஒன்றே. 1963 முடிவில் சுமார் 16,000 அமெரிக்க ஆலோசகர், 1965 மார்ச்சில் டா நாங் கரையில் இறங்கிய கடற்படைச் சிப்பாய்கள் 3,500, அவ்வாண்டு முடிவில் 184,000, 1969-இல் 543,000. ஐம்பத்தெண்ணாயிரம் அமெரிக்கரும் லட்சோப லட்சம் வியட்நாமியரும் மாண்டபின், 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. அங்கும் யுத்தப் பிரகடனம் செய்யப்படவேயில்லை!

பிரிட்டனும் நெடுநாள் நிற்கவில்லை. 1968-இல் செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பல் துறை சிங்கப்பூர் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1971-இல் படைகளின் பெரும்பகுதி வெளியேறிற்று.

நம் கடமை

தமிழருக்கு எஞ்சியது யாது? சுதந்திரம் வந்தபின்னும் பிரஜா உரிமைப் பத்திரம் எடுக்காதிருந்த தோட்டத் தமிழர் மிகப் பலர். எழுத்தறியாமை ஒரு காரணம். எடுக்கவேண்டும் என்று எடுத்துச் சொல்லத் தலைவர் இல்லாமை மற்றொரு காரணம். 1969-க்குப் பின் பிரஜையல்லாதார் வேலைக்கு அனுமதிப் பத்திரம் பெறவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தலைமுறை தலைமுறையாக மரம் சீவிய பல்லாயிரவர் மூட்டை கட்டிக் கப்பலேறினர். நின்றவர்களும் பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டுப் பட்டணத்து ஓரங்களுக்கு நகர்ந்தனர். புதுக் கிராமத்துச் சீனனுக்கு வேலி நீங்கியபின் நிலம் ஒரு துண்டாவது எஞ்சிற்று. லயத்துத் தமிழனுக்கு வேலியும் நீங்கிற்று. வீடும் தோட்டத்துக்கே சொந்தம்! இந்த வேற்றுமையை நம் மேடைகளில் எவரும் எடுத்துச் சொல்வதாகக் காணோம்.

ஜெனரல்களின் சரித்திரம் ஆங்கிலத்தில் அலமாரி அலமாரியாக இருக்கிறது. சின் பெங்கும் தம் கதையைத் தாமே எழுதிவிட்டுச் சென்றார். வேலி வாயிலில் சோதனைக்கு நின்ற தமிழ்ப் பெண்ணின் சரித்திரத்தை எழுதவேண்டியவர் யார்? அக்காலத்தில் பத்து வயதுச் சிறுமியாயிருந்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். மார்சிலிங்கிலும் செம்பவாங்கிலும் ஜோகூரின் தோட்டங்களிலும் அத்தகையோர் இன்னும் உளர். அவர்களிடம் சென்று அமர்ந்து, ஊர் எது, தோட்டம் எது, வேலி போட்ட ஆண்டு எது, அரிசி எத்தனை ‘கட்டி’ அளந்தார்கள், எவரெவர் திரும்பி வரவில்லை என்று கேட்டுத் தமிழில் எழுதிவைத்தல் நம் இளைஞர் சங்கங்களும் வாசகசாலைகளும் உடனே மேற்கொள்ளவேண்டிய பணி. கோயில் திருவிழா மலருக்குச் செலவாகும் தாளில் பாதி இதற்குப் போதும்.

கிராணிமாருக்கும் ஒரு சொல். செக்ரோல் எழுதப் பழகிய கை நம்முடையது. நம் முன்னோர் அக்கையால் தொழிலாளியின் பெயரைத் துரைக்காகவே எழுதினர். அதே பெயரை அவன் பேரப்பிள்ளைகளுக்காக எழுதும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.